ஒரு நாள் அடுப்புக்கு லீவு!

டூர் என்று சொன்னதும் வீட்டில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மலையும் அருவியும் கண்ணில் தெரியும். நமக்கு மட்டும் ஊற வைத்த புளியும், விடிகாலை மூணு மணிக்குப் பற்ற வைக்க வேண்டிய அடுப்பும்தான் தெரியும். இருபது பேருக்குப் புளியோதரை கிளறி, தயிர் சாதம் பிசைந்து, துவையல் அரைத்து, தூக்குச்சட்டியில் அடைத்து, போன இடத்தில் இலை போட்டுப் பரிமாறி, சட்டி பானையைக் கழுவி, வீடு திரும்பியதும் ஈரத்துணி மூட்டையை அவிழ்த்து அலசிப் போட்டு... அப்புறம், "டூர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? இடம்தான் மாறியது, வேலை மாறவில்லையே!

இதை ஒரு தடவையாவது மாற்றிப் பார்ப்போம் என்று எங்கள் தெருப் பெண்கள் 12 பேர், போன புரட்டாசியில் ஒரு நாள் பயணம் போய் வந்தோம். ஊட்டியும் இல்லை, கொடைக்கானலும் இல்லை. சுருளி அருவி, திராட்சைத் தோட்டம், லோயர் கேம்ப் என்று எல்லாமே எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்குள்தான். போய் வந்த அனுபவம் உங்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

அத்தை சொன்ன ஒரு வார்த்தை

எங்கள் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேற்கே கேரளத்து மலை, கிழக்கே மேகமலை, நடுவில் பச்சைப் பசேலென்று வயல். முல்லைப் பெரியாறு தண்ணீர்தான் இந்தப் பக்கம் எல்லோருக்கும் சோறு போடுகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

என் மாமியாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பாவாடை கட்டின வயதில் நாற்று நட வயலில் இறங்கியவர், முட்டி மக்கர் பண்ணுகிற வரைக்கும் ஏறவில்லை. அவருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய். ஒரு கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. இன்னொரு கண்ணைக் காப்பாற்றத்தான் தினமும் சொட்டு மருந்து விட்டுக் கொண்டிருக்கிறோம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக் கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் சொட்டு மருந்து விட்டுக் கொண்டிருக்கும்போது அத்தை சொன்னார்: "ஏத்தா, நாப்பது வருசத்துக்கு மேல இந்தத் தண்ணிக்குள்ளதான் நின்னிருக்கேன். அது மலையில இருந்து எறங்குற எடத்தை ஒரு தரம்கூடப் பாத்ததில்ல. கண்ணு இருக்கையிலயே பாத்துறணும்னு இருக்கு."

எங்கள் ஊரிலிருந்து லோயர் கேம்ப் சுமார் 35 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம் ஆகுமா? பழனிக்கும் சமயபுரத்துக்கும் போய் வந்தவர்தான். ஆனால் சும்மா ஒரு இடத்தைப் பார்க்க மட்டும் போகலாம் என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. இதைக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது, "உங்க அத்தை மட்டுமா? நான் சுருளியவே கல்யாணத்துக்கு முன்னாடி பாத்தது" என்றார் மேல வீட்டு மதினி. "நான் அதுவும் பாத்ததில்ல" என்றார் தையல் கடை அக்கா.

வாரம் 10 ரூபாய்

வழக்கமான சேமிப்போடு வாரம் 10 ரூபாய் தனியாகப் போட்டோம். 50 வாரத்தில் ஆளுக்கு 500, மொத்தம் 6,000 ரூபாய் சேர்ந்தது. வேன் வாடகை டீசலோடு 4,000. டிரைவர் தம்பியையும் சேர்த்து 13 பேருக்கு மத்தியானச் சாப்பாடு 1,300. மிச்சம் 700 ரூபாய் நுழைவுச் சீட்டு, டீ, இளநீருக்கு. காலை டிபன் அவரவர் காசு. யாரும் வீட்டில் கை நீட்டவில்லை, அடகு வைக்கவில்லை.

காசு சேர்ந்ததும் ஆண்கள் தரப்பில் கேள்விகள் கிளம்பின. "துணைக்கு யார் வர்றா?" "பன்னெண்டு பேரு போறோம், ஒருத்தருக்கு ஒருத்தர் துணைதான்." "அப்ப சாப்பாடு?" இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியமான கேள்வி என்பது உங்களுக்கே புரியும்! ஒரு நாள் அவரவர் பார்த்துக் கொள்வார்கள் என்று சொல்லிவிட்டோம். என் வீட்டுக்காரர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாலும், "அம்மாவுக்காகப் போறீங்க, போயிட்டு வாங்க" என்று ஒத்துக் கொண்டார். அன்றைக்கு அவரும் பிள்ளைகளும் உப்புமா கிண்டியிருக்கிறார்கள். சட்டி அடிப்பிடித்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

நாங்கள் போட்டுக் கொண்ட நிபந்தனைகள் மூன்றே மூன்று. ஒன்று, யாரும் எதையும் சமைத்துக் கொண்டு வரக்கூடாது. இரண்டு, ஒரே நாளில் ஏழெட்டு இடம் என்று ஓடக்கூடாது. மூன்று, எல்லோரும் நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்த மூன்றாவதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சுருளிக்குப் போகும் வழியில்

அமாவாசையும் விடுமுறையும் இல்லாத ஒரு வியாழக்கிழமை வெள்ளன ஐந்தரை மணிக்கு வேன் கிளம்பியது. ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் திதி கொடுக்க சுருளியில் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் வயதானவர்களை அருவிக்குக் கூட்டிப் போவது சிரமம்.

வண்டி கிளம்பி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, உள்ளே புளியோதரை வாசனை! கடைசி வீட்டு அக்கா மடியில் ஒரு தூக்குச்சட்டி. "கையும் காலும் சும்மா இருக்க மாட்டேங்குதுடி. மூணு மணிக்குத் தானா முழிப்பு வந்துருச்சு" என்றார் பாவம் போல. முப்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் விடு என்றால் முடியுமா? அந்தச் சட்டியை டிரைவர் தம்பியிடம் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டோம். உத்தமபாளையத்தில் இறங்கி இட்லியும் வடையும் சாப்பிட்டோம். யாரோ ஒருவர் சுட்ட இட்லியை உட்கார்ந்து சாப்பிடுகிற சுகம் இருக்கிறதே, அதை நம்மைத் தவிர யாருக்கும் விளக்கிச் சொல்ல முடியாது.

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வழியாக சுமார் 10 கிலோமீட்டரில் சுருளி. எட்டு மணிக்கு நுழைவாயிலில் நிறுத்திவிட்டார்கள். விடிகாலையில் யானை நடமாட்டம் இருந்திருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் விடுவோம் என்றார்கள். இந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் டவுன் தெருவுக்குள்ளேயே ஓடி வந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அதனால் யாரும் முணுமுணுக்கவில்லை. மர நிழலில் சேலையை விரித்து உட்கார்ந்துவிட்டோம்.

ஜப்பான் குளியல்

காத்திருந்த நேரத்தில்தான் ஜப்பான் கதை வந்தது. மேல வீட்டு மதினியின் மகள், புருஷன் வேலை நிமித்தமாக ஜப்பானில் இருக்கிறாள். அவள் ஹகோனே என்ற மலை ஊருக்கு ஒரு நாள் போய் வந்து, செல்போனில் படம் அனுப்பியிருந்தாள். டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானாம். எரிமலைப் பூமி என்பதால் மலைச்சரிவில் புகை புகையாக ஆவி வருகிறது. அந்த வெந்நீர் ஊற்றில் முட்டையைப் போட்டு எடுத்தால் ஓடு கன்னங்கரேல் என்று ஆகிவிடும். ஒரு முட்டை தின்றால் ஆயுள் ஏழு வருஷம் கூடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"அடுப்பில்லாம முட்டை வேகுதா?" என்று அத்தைக்கு ஆச்சரியம். நம் நாட்டிலேயே இமாசலப் பிரதேசத்தில் மணிகரண் என்ற ஊரில், குருத்வாராவுக்கு வருகிறவர்களுக்கு வெந்நீர் ஊற்றிலேயே சோறும் பருப்பும் வேக வைக்கிறார்கள் என்று படித்ததைச் சொன்னேன். "அடி ஆத்தி! வெறகு பொறுக்க வேணாம், ஊத வேணாம். அந்த ஊருல வாக்கப்பட்டிருக்கலாம்டி" என்றாரே பார்க்கலாம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆனால் அந்தப் பெண் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. அங்கே வெந்நீர்க் குளத்தில் பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. தொட்டிக்குள் இறங்கும் முன்பே வெளியே முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும். தலைமுடி தண்ணீரில் படாமல் தூக்கிக் கட்ட வேண்டும். கையில் இருக்கும் துண்டைக்கூட உள்ளே நனைக்கக் கூடாது. துணி உடுத்தாமல்தான் இறங்க வேண்டும் என்றதும், "அய்யய்யே, அது நமக்கு ஆகாது" என்று எல்லோரும் வாயைப் பொத்திக் கொண்டோம். அது அவர்கள் பழக்கம். எல்லோரும் குளிக்கிற தண்ணீரை நம் அழுக்கோடு தொடக்கூடாது என்ற எண்ணம் மட்டும் நமக்கும் வேண்டியதுதான்.

நம் அருவிகளில் என்ன நடக்கிறது? ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ப் பாக்கெட், திதி கொடுத்தவர்கள் விட்டுப் போகிற பழைய வேட்டி சேலை! சுருளித் தண்ணீர் கீழே போய் முல்லையாற்றில் சேர்கிறது. அங்கே குடிக்கக் குடத்தில் மொண்டு கொண்டு போவதும் பெண்கள்தானே? நாங்கள் 12 பேரும் வீட்டிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, அருவிக்கு வெறுங்கையோடுதான் போனோம். கரையில் கிடந்த பிளாஸ்டிக் பாக்கெட்டுகளை ஒரு பை நிறையப் பொறுக்கிக் கொண்டும் வந்தோம்.

பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். மரங்களுக்கு நடுவே சிறிது தூரம் நடை. முட்டிவலிக்காரர்களுக்காக நின்று நின்று போனோம். மேகமலைக் காட்டில் ஊறி வருகிற தண்ணீர், நெற்றிப் பொட்டில் அறைகிற மாதிரி சில்லென்று விழுந்தது. தையல் கடை அக்கா அருவியை விட்டு வரவே மாட்டேன் என்றுவிட்டார். "பத்து வருசமாக் குனிஞ்சு மிசின் மிதிச்ச முதுகுடி. நல்லா அடிக்கட்டும்" என்றார். கண் மருந்து விடுகிறவர் என்பதால் அத்தையை அருவிக்கு அடியில் விடாமல், ஓரத்தில் உட்கார வைத்துக் காலை நனைக்க வைத்தோம். உடை மாற்றும்போது நான்கு பேர் சேலையைத் திரையாகப் பிடிக்க, ஒவ்வொருவராக மாற்றிக் கொண்டோம்.

பந்தலுக்கு அடியில் பன்னீர் வாசம்

திரும்புகிற வழியெல்லாம் திராட்சைப் பந்தல்தான். கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக் கொண்டுதான் இருப்பார்கள். இங்கே விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறுப்பாக, விதையோடு, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். ஒரு தோட்டத்தில் அனுமதி கேட்டு உள்ளே போனோம். அங்கே வேலை செய்து கொண்டிருந்ததும் பெண்கள்தான். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக் கொத்தில் நசுங்கின பழத்தைக் கத்தரித்து எடுக்கிறார்கள். "கழுத்து வலிக்கலையா?" என்று கேட்டால், "நீங்க குனிஞ்சு நடுறீங்க, நாங்க நிமிந்து வெட்டுறோம், அம்புட்டுத்தான்" என்கிறார் ஒரு அம்மா. ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கினோம். மருந்து தெளிக்கிற பயிர் என்பதால், உப்புத் தண்ணீரில் ஊற வைத்து இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிய பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

தண்ணீர் குடிக்காத பெண்கள்

இப்போது அந்த மூன்றாவது நிபந்தனைக்கு வருகிறேன். வெளியூர் கிளம்பினால் நம்மில் எத்தனை பேர் தண்ணீர் குடிக்கிறோம்? குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை வாயைக் கட்டிக் கொண்டே வருகிறோம். அப்புறம் நீர்க்கடுப்பு, எரிச்சல், காய்ச்சல்! அடக்கி வைப்பதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி என்று டாக்டர்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்!

அன்றைக்கும் ஒரு இடத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். 13 டீ வாங்கினோம். பின்பக்கம் கழிப்பறை இருந்தது, பூட்டும் இருந்தது. சாவி கேட்டால், "அது லேடீசுக்கு இல்லம்மா" என்றார் கடைக்காரர். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அத்தை முந்திக் கொண்டார். "தம்பி, நீ ஊத்துற டீயில இருக்குற தண்ணி நாங்க குடிச்சா வெளிய வராதா?" என்று கேட்டார், சத்தமே போடாமல். கடையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சாவி வந்துவிட்டது!

எல்லாக் கடையிலும் இப்படி வாதாட முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன்பே எங்கெங்கே நிறுத்துவது என்று டிரைவரிடம் பேசி வைத்துக் கொள்ளுங்கள். பெரிய பெட்ரோல் பங்க், குடும்பத்தோடு சாப்பிடுகிற ஓட்டல் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு இடம் குறித்துவிட்டால் பயமில்லாமல் தண்ணீர் குடிக்கலாம். சாமிக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி இதையும் முதலில் முடிச்சுப் போட்டு வையுங்கள்.

மலை இறங்கும் தண்ணீர்

கம்பத்தில் சாப்பிட்டுவிட்டு, கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் சேரும்போது மணி மூன்று. மலைமேலிருந்து ராட்சதக் குழாய்கள் இறங்கி வருவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். தேக்கடி ஏரித் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, குழாயில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, அப்புறம் வயலுக்கு வருகிறது.

அங்கே பென்னிகுக் மணிமண்டபம் இருக்கிறது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைத் தடுத்துக் கிழக்கே திருப்ப, 1887ல் தொடங்கி 1895ல் அணையைக் கட்டி முடித்தவர் ஜான் பென்னிகுக் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய அணை. நடு வேலையில் வெள்ளம் அடித்துக் கொண்டு போயும் விடவில்லை. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கான கூலி ஆட்கள் மாண்டு போனார்கள். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 அன்று இந்தப் பக்கத்து மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கு இந்தத் தண்ணீர் போகிறது.

இதையெல்லாம் நான் சொல்லிக் கொண்டே வர, அத்தையின் கவனம் அதில் இல்லை. "சத்தம் கேக்குதுல்ல?" என்றார். ஆற்றோரம் கூட்டிப் போனோம். மின்நிலையத்திலிருந்து விடும் தண்ணீர் திடீரென்று கூடும் என்பதால் இறங்கவில்லை. டிரைவர் தம்பி ஓரமாக நின்று ஒரு செம்பில் மொண்டு கொடுத்தார். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கி, நல்ல கண்ணுக்கு நேராகக் கொண்டு போய் ரொம்ப நேரம் பார்த்தார். கொஞ்சம் தலையில் தெளித்துக் கொண்டார். அப்புறம் எதிர்பார்க்கவே இல்லை, குலவை போட்டார்!

முதல் நாற்று முடியை வயலில் ஊன்றும்போது போடுகிற அதே குலவை. வயலில் அவரோடு நின்ற மற்ற அக்காமார்களும் சேர்ந்து கொண்டார்கள். மணிமண்டபம் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களில் ஒருவருக்கும் வெட்கம் வரவில்லை. கடைசி வீட்டு அக்கா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

"குமுளி இன்னும் ஆறேழு கிலோமீட்டர்தான், தேக்கடி போயிட்டு வந்துருவோமா?" என்று கேட்டார் டிரைவர் தம்பி. இரண்டாவது நிபந்தனை இருக்கிறதே! "அது அடுத்த வருசம்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டோம். அடுத்த வாரமே 10 ரூபாய் போடத் தொடங்கியும் விட்டோம்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் ஒரு அணையோ, அருவியோ, கண்மாயோ, கடற்கரையோ இருக்கும். அதை நம்பியே காலமெல்லாம் உழைத்து, ஒரு நாள்கூட நின்று பார்க்காத ஒரு மாமியாரோ, அம்மாவோ, பக்கத்து வீட்டு ஆத்தாவோ இருப்பார். "எங்கயாச்சும் போகணுமா?" என்று கேட்டால், "எனக்கென்னத்தா வேணும்?" என்பார்கள். அதோடு விடாதீர்கள். "எதைப் பாக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கையில் தயாராக இருக்கும். அவர்கள் கண் நன்றாக இருக்கும்போதே, கால் நடக்கும்போதே கேட்டுவிடுங்கள். புளியை மட்டும் ஊற வைக்காதீர்கள்!

– ஒரு வாசகி,
சின்னமனூர் அருகில், தேனி மாவட்டம்.